நெரெய்தாவின் முந்நூறு கிராம்

என் மருமகள் ஜெயித்த சண்டையைப் பற்றிக் கேட்கத்தான் வந்தீர்கள் என்றால், உங்கள் போனிலேயே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து ரவுண்டும் அதில் இருக்கிறது. நான் சொல்லப்போவது அதற்கு முந்தின நாள் கதை. அன்றைக்கு ஒரு குத்துகூட விழவில்லை. ஆனால் பெல்ட் கைவிட்டுப் போக இருந்தது அன்றைக்குத்தான்.

நான் எர்லிந்தா. கோமெஸ் பலாசியோவில் பஸ் நிலையத்து முக்கில் இருபது வருஷமாகத் தமால் விற்கிறேன். சோளமாவைப் பன்றிக் கொழுப்பு விட்டுப் பிசைந்து, சோளமட்டையில் தடவி, நடுவில் சிவப்பு மிளகாயில் வெந்த கறியை வைத்து மடித்து, ஆவியில் வேகவைக்கிற வேலை. எல்லா வீட்டிலும்தான் செய்கிறார்கள். ஆனால் என் தமால் ஒருநாளும் கல்லாகப் போனதில்லை, கூழாகவும் நின்றதில்லை. இதை நான் சொல்லவில்லை, பஸ் டிரைவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் வாயில் வேறு எதைப் பற்றியும் நல்ல வார்த்தை வராது.

என் மகன் ரமீரோ லாரி ஓட்டுகிறவன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் நெரெய்தாவைக் கட்டிக்கொண்டு வந்தான். பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டதற்கு, "ஜிம்முல வேலைம்மா" என்றான். கணக்கு எழுதுவாள் போல, இல்லாவிட்டால் தரை துடைப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். வந்த மூன்றாவது வாரம் ஒரு கண் மூடிப்போய், உதடு கிழிந்து வீட்டுக்குள் நுழைந்தாள். நான் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. நேரே போய் ரமீரோவை விளக்குமாற்றால் நாலு சாத்து சாத்தினேன்.

"நான் இல்லம்மா," என்று கையை மறைத்துக்கொண்டு ஓடினான். "சண்டைம்மா, சண்டை."

"எவகூடடா?"

"பக்கத்து ஊரு தொரெயோன்காரி ஒருத்தி. பாக்ஸிங். அவளுக்கு ரெண்டு கண்ணுமே தெறக்கல, வேணும்னா போய்ப் பாரு."

நெரெய்தா கதவோரம் நின்றுகொண்டு, அந்தக் கிழிந்த உதட்டோடு சிரிக்கப் பார்த்தாள்.

அந்தக் காலத்தில் பெண்கள் சண்டையை முதலிலேயே தள்ளிவிடுவார்கள். ஜனங்கள் பீர் வாங்கிக்கொண்டு நாற்காலி தேடுகிற நேரம். கூட்டத்தில் எவனாவது ஒருவன் கட்டாயம் கத்துவான்: "வீட்டுக்குப் போய் ரொட்டி தட்டுடி." நெரெய்தா ஒருதடவை கயிற்றுக்கு மேலே தலையை நீட்டி, "தட்டி மூடி வச்சிட்டுத்தான்டா வந்தேன். ஆறுறதுக்குள்ள இவளை முடிச்சிட்டுப் போறேன்," என்றாளாம். அன்றைக்கு இரண்டாவது ரவுண்டிலேயே முடித்துவிட்டு வந்து, நிஜமாகவே சூடாகத்தான் சாப்பிட்டாள்.

திஹுவானாவில் தோற்றாள். தாடையில் விரிசல். ஒன்றரை மாதம் நான் அரைத்துக் கொடுத்த பீன்ஸ் கரைசலை உறிஞ்சியே கிடந்தாள். இத்தோடு விட்டுவிடுவாள் என்று மாதாவுக்கு மெழுகுதிரிகூட ஏற்றினேன். விடுகிற ஜாதியா அவள்? நாலு வருஷம் கழித்து ஒசாகாவுக்குப் போய், ஜப்பான்காரி ஒருத்தியை அவள் ஊரிலேயே வைத்து அடித்து, நாற்பத்தொன்பது கிலோ பிரிவின் உலக பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள். அப்புறம் லாஸ் ஏஞ்சல்ஸ், புவெனஸ் அயர்ஸ், கான்குன் என்று போன இடத்திலெல்லாம் அதைக் காப்பாற்றினாள். சொந்த ஊரில் மட்டும் சண்டை கிடையாது. கோமெஸில் பொம்பளை சண்டைக்கு எவன் டிக்கெட் வாங்குவான் என்று சண்டை நடத்துகிறவர்கள் கையை விரித்தார்கள்.

நான் ஒரு சண்டைக்கும் போனதில்லை. என் வீட்டில் தின்கிற முகத்தை இன்னொருத்தி குத்துவதை டிக்கெட் வாங்கிப் பார்க்க எனக்கென்ன பைத்தியமா? அவள் ரிங்கில் ஏறுகிற நேரம் பார்த்து நான் மாவு பிசைய உட்கார்ந்துவிடுவேன்.

இந்த வருஷம்தான் எவனுக்கோ புத்தி வந்து சண்டையை ஊருக்குள் கொண்டுவந்தான். பிப்ரவரி மூன்று, சனிக்கிழமை. எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளியிருக்கிற நகராட்சி அரங்கில். எதிராளி திஹுவானாக்காரி, இருபத்திரண்டு வயசு. நெரெய்தாவுக்கு முப்பத்திரண்டு ஓடுகிறது. ரொட்டி தட்டச் சொன்னவர்களெல்லாம் டிக்கெட் கேட்டு என் தமால் வண்டி முன்னால் பல்லிளித்தார்கள். தமாலை வாங்கிக்கொண்டு நகருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இதில் சிக்கல் என்னவென்றால் எடை. முந்தின நாள், வெள்ளிக்கிழமை, எல்லாரும் பார்க்கத் தராசில் ஏற வேண்டும். நாற்பத்தொன்பதுக்கு மேல் கொஞ்சம் கூடினாலும் பெல்ட் அங்கேயே போய்விடும். மறுநாள் சண்டையில் எதிராளியை மாவாட்டம் பிசைந்தாலும் அது திரும்பி வராது. ஒசாகாவில் வாங்கியதை வீட்டு வாசலில் தொலைத்தாள் என்று ஊர் சிரிக்கும்.

இனி பொம்மைக்கு வருகிறேன். ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு எங்கள் வீட்டில் பதினாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வளைய ரொட்டி வெட்டினோம். அவரவர் துண்டை அவரவரே வெட்ட வேண்டும். உள்ளே ஒளித்து வைத்திருக்கிற குழந்தை இயேசு பொம்மை யார் துண்டில் வருகிறதோ, அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி மெழுகுதிரித் திருநாளுக்கு எல்லாருக்கும் தமால் போட வேண்டும். அவனவன் வீடு வாங்குவதுபோல யோசித்து யோசித்துக் கத்தி வைத்தான். நெரெய்தா பத்தியத்தில் இருந்ததால் காகிதம்போல ஒரு துண்டு வெட்டினாள். வெட்டின இடத்தில் பொம்மையின் காலிரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

பிப்ரவரி இரண்டு, வெள்ளிக்கிழமை. எடை பார்க்கிற நாள்.

பக்கத்து வீட்டு சொகோரோ என் நாற்பது வருஷத் தோழி. நல்ல யோசனை என்றால் அவளுக்கு ஆகாது. நெரெய்தாவின் காதருகே குனிந்து, "யாரும் பாக்கல, முழுங்கிடுடி. எங்க சித்தப்பா ரெண்டு தடவ முழுங்கியிருக்காரு," என்றாள்.

"அதுவும் எடைதான் சொகோரோக்கா," என்று பொம்மையை எடுத்து எல்லாருக்கும் தெரிய மேஜையில் வைத்தாள் நெரெய்தா. "எனக்குத்தான் வந்திருக்கு. போடுறேன்."

"நீ ஒண்ணும் பண்ண வேணாம், நான் பாத்துக்கறேன்," என்றேன் நான். தமால் விற்கிறவள் வீட்டில் தமாலுக்கா பஞ்சம்? ஆனால் கேட்டால்தானே. சாம்பியன் தமால் போடுகிறாள் என்று தெருவில் பரவியதும் பதினாலு பேர் நாற்பது பேராகிவிட்டார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் நானும் சொகோரோவும் மாவைப் பிசைந்து வைத்து மட்டையை நனைத்துக்கொண்டிருந்தோம். நெரெய்தா வந்து ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு நாளாக உப்பில்லாத கோழித்துண்டும் நாலு மிடறு தண்ணீரும்தான் அவள் சாப்பாடு. கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது.

"எந்திரிச்சுப் போடி," என்றேன். "இந்த வாசனையில நீ உக்காரக் கூடாது."

"ஊர்ல மொத தடவையா சண்ட போடப்போறேன் அத்த. சாம்பியனுக்குத் தலக்கனம், மாமியாரை வேலை வாங்கிட்டு அவ சும்மா இருந்தானு பேசவிடணுமா? தடவத்தான போறேன், திங்கவா போறேன்?"

பிடிவாதத்தில் அவள் ஒன்றும் எனக்குக் குறைந்தவள் இல்லை. மட்டையை எடுத்தாள், மாவைத் தடவினாள், அடுக்கினாள். சும்மா சொல்லக்கூடாது, ஒரே கனமாகத் தடவுவாள். இருட்டுகிற வரைக்கும் தடவிவிட்டுப் படுக்கப் போனாள்.

மறுநாள் காலையில் அவள் அரங்குக்குப் போனதும் நாங்கள் இரண்டு பெரிய பானைகளை அடுப்பில் ஏற்றினோம். வெளியே புழுதிக்காற்று ஊரையே தூக்கிக்கொண்டு போயிற்று. பிப்ரவரி என்றால் எங்கள் பக்கத்தில் அதுதான். குளிரும் மண்ணும் சேர்ந்து கண்ணைத் திறக்கவிடாது. ஜன்னலையெல்லாம் அடைத்துவிட்டு, பானைக் கைப்பிடிகளில் கண் படாமலிருக்க மட்டைக் கிழிசலைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தோம். கதவு படீரென்று திறந்தது.

அவளுடைய கோச் எலிசெயோ முதலில் வந்தார். பின்னால் நெரெய்தா, கழுத்துவரை வேர்க்கவைக்கிற பிளாஸ்டிக் சட்டை, தலையில் தொப்பி, முகமெல்லாம் புழுதி. எலிசெயோ அதிகம் பேசாத மனிதர். அன்றைக்குப் பேசினார்.

"முந்நூறு கிராம் கூட. ரெண்டு மணி நேரம் குடுத்திருக்கானுங்க. முக்கா மணி நேரம் இவளை அரங்கைச் சுத்தி ஓடவிட்டேன். இந்தக் காத்துல ஒரு சொட்டு வேர்வ வரல. சுடுதண்ணித் தொட்டியில உக்கார வைக்கணும். பாய்லரைப் போடுங்க."

"காஸ் இல்ல," என்றேன். "டேங்குல அடியில கெடக்கு. திருநாள்னு வண்டிக்காரன் வரல. பாய்லரைப் போட்டா அடுப்பு படுத்துரும்."

"அப்ப அடுப்ப அணைங்க."

"வேகுற தமால பாதியில அணைச்சா அது பொணம், கோச். நாப்பது பேரு வர்றாங்க. தொரெயோன்ல பெரிய ஹோட்டல்ல ஆவி ரூம் இருக்குல்ல?"

"பாலத்துல வண்டிங்க மோதிக்கிட்டு நிக்குது. போய்ச் சேரவே ஒரு மணி நேரமாகும்." அவர் நெரெய்தா பக்கம் திரும்பினார். "நேத்து மத்தியானம் கம்மியாத்தான இருந்த? என்ன தின்ன? நெசத்தச் சொல்லு."

"ஒண்ணுமே திங்கல கோச். சத்தியமா. பச்சத்தண்ணி படல," என்றாள் நெரெய்தா. சொல்லிக்கொண்டே மேஜையோரம் சாய்ந்தாள். அங்கே மிஞ்சின மாவுச் சட்டி இருந்தது. அதன் விளிம்பைக் கட்டைவிரலால் வழித்தாள். விரல் வாய்க்குப் போயிற்று. இதெல்லாம் அவள் எலிசெயோவின் கண்ணைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே நடந்தது.

நானும் சொகோரோவும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"அடியே," என்றேன். "கை எங்க போகுது?"

அவள் தன் விரலைப் பார்த்தாள். வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். தமால் தடவுகிற எவளும் செய்கிற காரியம்தான் அது. கரண்டியால் மாவை வைத்து, கட்டைவிரலால் விளிம்பைச் சரிசெய்து, விரலில் ஒட்டினதை நக்கிக்கொண்டு அடுத்த மட்டையை எடுப்போம். செய்கிறோம் என்பதே தெரியாது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இவளுக்கு வாய்க்கு எட்டினதுதான் வினையாகப் போயிற்று.

"நேத்து எத்தன தடவுன?" என்று எலிசெயோ மெதுவாகக் கேட்டார்.

"எண்பது இருக்கும்."

"எண்பது நக்கு," என்றாள் சொகோரோ. "உப்பும் கொழுப்புமா."

எலிசெயோ வெங்காய மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். "நான் தலையால அடிச்சுக்கிட்டேனே, எந்திரிச்சுப் போடி போடின்னு. கேட்டியா? வீம்பு. ஊரு பேசும், ஊரு பேசும்னு. இப்ப பேசாதா ஊரு?"

"நீங்களும்தான் நக்குறீங்க."

"நான் தராசுல ஏறவா போறேன்?"

"ஆமா, நீங்க நக்குனா ருசி பாக்குறது, நான் நக்குனா குத்தம்." அவள் குரல் ஏறியது. "மாமியார் ஒடச்சா மண்குடம்தான எப்பவும். பதினோரு வருஷம் அத்த. ஒரு சண்டைக்கு வந்து ஒக்காந்திருப்பீங்களா? ஒண்ணுக்காவது? இப்பவும் அந்தப் பானைதான ஒங்களுக்குப் பெருசு?"

"ஆமாடி, பெருசுதான். பானை என்னிக்கும் மூஞ்சி வீங்கி வீட்டுக்கு வந்ததில்ல."

வெளியே காற்று தகரத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. சொகோரோதான் சும்மா இருக்க மாட்டாமல், கரண்டிக்காம்பை விட்டு மூடியைக் கொஞ்சம் நெம்பி, ஒரு தமாலை மட்டும் எடுத்துப் பிரித்தாள். மாவு மட்டையோடு ஒட்டிக்கொண்டு பச்சையாக வழிந்தது.

"எர்லிந்தா, வேகவே இல்ல. இந்நேரம் வெந்திருக்கணும்."

எப்படி வேகும்? கோபக்காரி நிற்கிற அடுப்படியில் தமால் வேகாது என்பது பிறந்த குழந்தைக்கும் தெரியும். இங்கே நின்றது இரண்டு கோபக்காரிகள்.

"ரெண்டு பேரும் ஆடுங்க," என்றாள் சொகோரோ.

"போடி."

"சண்ட போட்டவங்க பானை முன்னால ஆடணும். வேற வழி இருந்தா சொல்லு. நாப்பது பேருக்குப் பச்சமாவு போடப்போறியா? நீ? எர்லிந்தா?"

அது குத்தவேண்டிய இடத்தில் குத்திவிட்டது. சொகோரோ ரேடியோவைத் திருகினாள். கும்பியா ஆட்டப்பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. காற்று புகாமல் கதவடியில் துணியை அடைத்தாள். நான் ஏப்ரனை இழுத்துக் கட்டிக்கொண்டு நெரெய்தாவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

"ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்," என்று காற்றிடம் சொன்னேன். "உலகச் சாம்பியனுக்குக் கால் வரல போல."

"எனக்கா வரல?"

வந்தாள். பிளாஸ்டிக் சட்டையோடேயே வந்தாள். ஆனால் அந்த ஆட்டத்தை என்னவென்று சொல்ல? கையிரண்டையும் தாடைக்குக் காவலாகத் தூக்கிக்கொண்டு, முன்னால் ஒரு எட்டு, பின்னால் ஒரு எட்டு. கும்பியாவைக் குத்தி விழவைக்கப் போகிறவள்போல இருந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"கையக் கீழ எறக்குடி. நான் ஒண்ணும் குத்த மாட்டேன்."

"ஒங்கள நம்ப முடியாது," என்றாள். அவளுக்கும் வாயோரம் கோணியது.

நான் அவள் கையைப் பிடித்து ஒரு சுற்று சுற்றிவிட்டேன். நானெல்லாம் ஒருகாலத்தில் லெர்தோ சந்தையில் ஆடினால் வாத்தியக்காரர்கள் என் காலைப் பார்த்துத்தான் தாளம் போடுவார்கள். சுற்றி வந்தவளை இடுப்பில் பிடித்து நிறுத்தினேன். பிளாஸ்டிக்குக்கு உள்ளே விலா எலும்பு ஒவ்வொன்றும் என் கைக்குத் தட்டுப்பட்டது. பதினொரு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். வருஷப் பிறப்புக்குக் கன்னத்தில் ஒரு முத்தம், அவ்வளவுதான் எனக்கும் அவளுக்கும். அவளை இப்படிப் பிடித்ததே இல்லை. கையில் ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. தமால்காரி வீட்டில் ஒருத்தி இப்படியா இருப்பாள்?

"எலும்புதான்டி இருக்கு," என்றேன்.

"அதான அத்த தொழிலு," என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு.

அப்போதுதான் எலிசெயோ வெங்காய மூட்டையிலிருந்து துள்ளி எழுந்தார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெரெய்தாவின் சட்டைக் கையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"வேர்வ," என்றார். "வேர்க்குது. நிறுத்தாதீங்க. அய்யோ, யாரும் நிறுத்தாதீங்க."

சொகோரோ ரேடியோவை முழுச்சத்தத்துக்கு வைத்தாள். எலிசெயோ கைதட்டினார், பிறகு அவரும் ஆட ஆரம்பித்தார். மனிதருக்கு ஆட்டம் சுத்தமாக வராது. பாட்டு மாறியது, நாங்கள் மாறவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் நெரெய்தாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், முகம் தொங்கிப்போயிற்று.

"பத்தாது. இந்த வேகத்துல நூத்தம்பதுதான் போகும். இன்னும் சூடு வேணும்." அவர் பானைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆவி. மூடியத் தெறந்தா இந்த அறையே ஆவி ரூம்தான்."

நெரெய்தா ஆட்டத்தை நிறுத்தாமலே, "வேணாம் கோச்," என்றாள். "தெறந்தா வேகாது. அத்தைக்குப் பேரு போயிரும்."

இருபது வருஷத்தில் வேகும்போது மூடியை நான் முழுசாகத் திறந்ததில்லை. என் புருஷன் செத்த அன்றைக்குக்கூட, அடுப்பிலிருந்ததை வேகவைத்து இறக்கிவிட்டுத்தான் அழுதேன். திறந்த பானை திரும்ப வேகாது. நாற்பது பேர் வருவார்கள். பஸ் நிலையம் முழுக்கப் பேசும். இதெல்லாம் எனக்குத் தெரியும். அவள் பெல்ட்டுக்கும் என் பானைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு வினாடி நினைத்தேன் என்பதும் உண்மை. ஆனால் என் வலது கை இன்னும் அவள் விலாவின்மேல் இருந்தது.

"சொகோரோ, அந்தப் பக்கத்த நீ தூக்கு," என்றேன்.

இரண்டு மூடியையும் திறந்து மூலையில் வீசினோம். ஆவி குபுகுபுவென்று எழுந்து அறையை அடைத்தது. எதிரில் நிற்கிறவர் முகம் தெரியவில்லை. மிளகாயும் சோளமும் மணக்க, நாலு பேரும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு ஆடினோம். ஆவிக்குள் எங்கேயோ நெரெய்தா சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் கேட்டதில்லை.

நேரமாயிற்று என்று எலிசெயோ கத்தியபோது, நான் அடுப்பை அணைத்துவிட்டு ஏப்ரனோடேயே கிளம்பினேன். புழுதிக்குள் மூன்று தெருவும் ஓடினோம். எனக்கு ஓடி வழக்கமில்லை, ஆனாலும் ஓடினேன்.

அரங்கில் பத்திரிகைக்காரர்கள், கேமராக்காரர்கள், ஊர்க்காரர்கள் என்று நெரிசல். திஹுவானாக்காரி தன் எடையைச் சரியாகக் காட்டிவிட்டு, பழத்தைத் தின்றுகொண்டு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். நெரெய்தா உள்ளாடையைத் தவிர எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அதனால் பெரிய துண்டைச் சுற்றிப் பிடிக்கப் பெண்கள் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஒரு பக்கம் சொகோரோ, ஒரு பக்கம் நான்.

துண்டுக்கு உள்பக்கம் நான் மட்டும்தான் பார்த்தேன். தோளில் பழைய காயம், விலாவில் பச்சையும் மஞ்சளுமாக ஆறாத கன்றல், குழந்தை நிற்காமல் போனபோது போட்ட தையல். இந்த உடம்பை வைத்துக்கொண்டுதான் அவள் ஒசாகாவுக்கும் எங்கேயெங்கேயோவும் போய்வந்தாள். நான் அப்போதெல்லாம் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அவள் விழுந்துவிடப் போகிறாள் என்று தோன்றி, துண்டோடு சேர்த்து அவள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

தராசுக்காரர் முள்ளைப் பார்த்தார். "நாப்பத்தொம்பதுக்கு மேல. ஐம்பது கிராம்."

கூட்டம் முனகியது. திஹுவானாக்காரி பழத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். எலிசெயோ கண்ணை மூடிக்கொண்டார். நெரெய்தா எதிர்ச்சுவரைப் பார்த்தபடி நின்றாள். கீழுதடு மட்டும் துடித்தது.

தராசுக்காரர் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். "அம்மா, அவங்கள விடுங்க."

"என்னது?"

"கைய எடுங்கம்மா. நீங்க அழுத்திக்கிட்டிருக்கீங்க."

எடுத்தேன். அவ்வளவு சுலபமாக வரவில்லை, விரல் விரலாகத்தான் எடுத்தேன். முள் ஆடி ஆடி நின்றது.

"நாப்பத்தொம்பது. சரியா."

கூரை இடிகிற மாதிரி சத்தம். எலிசெயோ முன்பின் தெரியாத ஒரு பத்திரிகைக்காரரைக் கட்டிக்கொண்டார். சொகோரோ துண்டைப் போட்டுவிட்டுக் கைதட்டப் போக, நான் பாய்ந்து அதை எடுத்து நெரெய்தாமேல் சுற்றிவிட்டேன். அவள் தராசிலிருந்து இறங்கினதும் முதலில் கேட்டது, "அத்த, தமாலு?"

"போச்சுடி."

"நாப்பது பேரு வராங்களே."

"வரட்டும்."

வந்தார்கள். மறுபடி அடுப்பை மூட்டி, மீதிக் காஸ் தீருகிற வரைக்கும் வைத்துப் பார்த்தோம். ஓரமெல்லாம் கல், நடுவெல்லாம் கூழ். முதல் கடியிலேயே எதிர்வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்துவிட்டு, "எர்லிந்தா, இது பச்சையா இருக்கே?" என்றார். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"ஆமா, பச்சதான்," என்றேன். "சாம்பியன் வீட்டுல இப்படித்தான். இஷ்டம்னா சாப்பிடுங்க."

நெரெய்தா என் பக்கத்தில் உட்கார்ந்து மூன்றாவது தமாலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வெந்த பாகம் வேகாத பாகம் என்று பார்க்காமல் தின்றாள். நான் என் தட்டைத் தொடவில்லை. அவள் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு இந்நேரம் இந்த முகத்தில் இன்னொருத்தி குத்துவாள். வீட்டில் பிசைவதற்கு மாவு நிறையவே இருந்தது.

"நாளைக்கு நானும் வரேன்," என்றேன்.

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். பிறகு கலங்கின கண்ணோடு என்னைப் பார்த்து, "வாங்க. ஆனா கத்தக் கூடாது அத்த," என்றாள்.

"அது மட்டும் என்னால முடியாதுடி," என்றேன்.